துண்டுக்குள் வளர்ந்தது

மாடுகளுக்கு நுரைக்காய்ச்சல் வந்ததால் சந்தைகளையெல்லாம் பூட்டிய அரசாங்கம், அவற்றை மறுபடி திறக்க ஒரு நிபந்தனை வைத்தது. சந்தைக்குள் கால் வைக்கிற எவராக இருந்தாலும் சரி, தரகரோ, மாடு ஓட்டுகிறவரோ, டீ விற்கிறவரோ, கிருமிப் பாடம் படித்துத் தேற வேண்டும். வேலம்பாளையம் சந்தையில் மூக்கணாங்கயிறும் கழுத்துமணியும் விற்கிற நானும் அதில் அடக்கம். எட்டாம் வகுப்போடு அறிவியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். வியாபாரிக்குப் படிப்பு கசக்கும். ஆனால் படிக்காமல் கடை திறக்க முடியாது என்றால் வேப்பெண்ணெயை வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிப் பேரம் பேசுவான்.

ஊர்க் கல்யாண மண்டபத்தில் வகுப்பு. குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் என்பதுபோல, இடப்பக்கம் தரகர் வெள்ளியங்கிரியின் ஆட்கள் உட்கார்ந்தார்கள், வலப்பக்கம் தரகர் ஆறுக்குட்டியின் ஆட்கள். இரண்டு பக்கத்து மாட்டுக்கும் கயிறு வேண்டுமாகையால் நான் நடுவில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டு தரகர்களின் பகை எங்கள் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். வெள்ளியங்கிரி விற்ற மாடு பால் மறந்த மாடு என்று ஆறுக்குட்டி நடுச்சந்தையில் சொன்னதில் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. இவர் ஆள் குடிக்கிற கடையில் அவர் ஆள் டீ குடிப்பதில்லை. பேசி முடித்த கல்யாணங்கள்கூட முறிந்திருக்கின்றன. ஒரு மாட்டுப்பொங்கலன்று கைகலப்பானதில், ஆறுக்குட்டியிடம் மாடு ஓட்டுகிற செல்லமுத்துவின் ஆணி முனைத் தார்க்குச்சி, வெள்ளியங்கிரியிடம் மாடு ஓட்டுகிற அர்ச்சுனனின் இடது கண்ணில் இறங்கியது. அர்ச்சுனனுக்குக் கண் போயிற்று. செல்லமுத்து சிறைக்குப் போனான்.

இப்போது புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. காயம்பட்டவர் மனமுவந்து சம்மதம் கொடுத்தால் கைதியை முன்கூட்டி விடலாம். செல்லமுத்துவின் மனைவி தாயம்மாள் அதற்காக அர்ச்சுனன் பின்னால் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். வகுப்பு நடந்த அன்றும் மண்டபத்து வாசலில் நின்றாள்.

"அண்ணா, ஒரே ஒரு கையெழுத்து. பிள்ளைக அப்பன் மொகத்தையே மறந்துருச்சுக."

"எனக்கு மட்டும் என்ன தாயி, அவன உள்ள வெச்சா கண்ணு திரும்பி வந்துருமா?" என்றான் அர்ச்சுனன். "ஆனா வெள்ளியங்கிரி அண்ணன் மொகத்துல நான் எப்படி முழிக்கறது? அவருக்காகப் போன கண்ணு இது. நான் விட்டுக்குடுத்தா அவரு மானம் போச்சுன்னு அர்த்தம்."

அவள் செருப்பு கிடந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பாடம் எடுக்க வந்தவர் டாக்டர் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர். ஒல்லியான பெண்மணி, குரல் மட்டும் ஏலம் போடுகிறவர் குரல்.

"கிருமின்னா கண்ணுக்குத் தெரியாத உயிர்" என்று ஆரம்பித்தார்.

"கண்ணுக்குத் தெரியாதத எப்படீங் நம்பறது?" என்றது இடப்பக்கம்.

"சுழி பாத்து மாடு வாங்கறவன் கேக்கற கேள்வியப் பாரு" என்றது வலப்பக்கம்.

டாக்டர் அசரவில்லை. "ஒண்ணு ரெண்டாகும். ரெண்டு நாலாகும். நாலு எட்டாகும். காலைல ஒண்ணே ஒண்ணா இருந்தது பொழுது சாயுறப்போ கோடிக்கணக்குல நிக்கும்."

"அட, மீட்டர் வட்டி!" என்று யாரோ கத்த, மண்டபம் முழுக்க ஆமோதித்துத் தலையாட்டியது. கல்லூரியில்கூட இந்த இடம் இவ்வளவு வேகமாக யாருக்கும் புரிந்ததில்லை என்றார் டாக்டர்.

"அப்படீனா கிருமி பூராக் கெட்டதுதானுங்களே அம்மிணி?"

"யார் சொன்னது? பாலுக்கு உறை ஊத்துறீங்களே, அது என்ன? கிருமிதான். நீங்க ஊத்துறது ஒரு கரண்டி. ஊத்திட்டுத் தூங்கப் போயிருவீங்க. மிச்சத்தை அது பாத்துக்கும். பாத்திரம் பூரா அதோட வேலைதான்."

பிறகுதான் எங்கள் மடியில் கை வைத்தார். மாட்டுக்கு வயது பார்க்கத் தரகர்கள் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அதே கையோடு அடுத்த மாட்டின் வாய்க்குப் போவார்கள். "நுரைக்காய்ச்சல் ஊர் ஊராப் போனது மாட்டோட கால்ல இல்ல. உங்க கையில. ஒரு மாட்டைப் பிடிச்சதும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தா இத்தனை மாடு செத்திருக்காது."

இடப்பக்கமும் வலப்பக்கமும் முதல் தடவையாக ஒரே குரலில் எதிர்த்தன. காலையில் முதல் மாடு கைமாறிய பிறகு பொழுது சாய்கிறவரை எங்கள் தரகர்கள் வலது கையைக் கழுவ மாட்டார்கள். கழுவினால் கைராசி போய்விடும். சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார்கள்.

"ராசியா, சரி. அந்த ராசி எப்படி இருக்கும்னு பாத்துருவோமா?" என்று டாக்டர் ஒரு பெட்டியைத் திறந்தார்.

இட்லிப் பானை அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி உறைந்தாற்போன்ற தட்டுகள். கையைத் தட்டில் அழுத்தி உள்ளே வைத்தால், முன்பெல்லாம் நாள் கணக்கில் வளர வேண்டியது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வளர்ந்துவிடும். அதை எண்ணிப் பார்த்து, எவர் கையில் எந்தக் கூட்டம் என்று திரையில் ஆளுக்கொரு புள்ளியாகக் காட்டும்.

"ஒருத்தர் கையில இருக்கிற கூட்டம் இன்னொருத்தருக்கு இருக்காது. ஆனா சேந்து புழங்குறவங்களுக்கு ரெண்டும் கலந்து ஒண்ணு போல ஆயிரும். அவங்க புள்ளி பக்கத்துப் பக்கத்துல நிக்கும்."

டீக்கடைப் பொன்னாத்தாளும் அவள் வீட்டுக்காரர் திருமலையும் முதலில் கை வைத்தார்கள். தினமும் பாத்திரம் பறக்கச் சண்டை போடுகிற ஜோடி. திரையில் இரண்டு புள்ளிகளும் நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"அடிப்பாவி, வெளிய கரண்டியத் தூக்கறது, உள்ள இந்த வேலையா?" என்று யாரோ சொல்ல, பொன்னாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்களுக்குப் பெட்டியின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வியாபாரி எதையும் நம்பமாட்டான். நம்பிவிட்டால் வரிசையில் முண்டுவான். நீ நான் என்று கை வைத்தோம். அப்பனும் மகனும் பக்கத்தில் வந்தார்கள். கூட்டுக் குடும்பத்து மருமகள்கள் மாமியாரை விட்டுத் தள்ளி நின்றார்கள். என் புள்ளி தனியாக ஓர் ஓரத்தில் போய் நின்றது. கயிற்றுக்காரன் கையில் கற்றாழை நார்க் கிருமிதான் இருக்குமாம்.

தரகர்கள் இருவரும் மானப் பிரச்சினையாக ஒருவர் பின் ஒருவர் வந்து அழுத்திவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். டீ வந்தது. குடித்தோம். திரையில் ஒரு புள்ளி இடப்பக்கத்திலிருந்து கிளம்பியது. இன்னொன்று வலப்பக்கத்திலிருந்து வந்தது. நடுவில் சந்தித்து, பொன்னாத்தாளையும் திருமலையையும் தோற்கடிக்கிற மாதிரி ஒட்டிக்கொண்டன.

டாக்டருக்கு எங்கள் ஊர்ச் சமாச்சாரம் தெரியாது. பெயர்களைச் சத்தமாகப் படித்தார். "வெள்ளியங்கிரி, ஆறுக்குட்டி. யாரு இவங்க? அண்ணன் தம்பியா? ஒரே வீடா?"

மண்டபம் வயிறு வலிக்கச் சிரித்தது. ஆறுக்குட்டியின் ஆள் ஒருவன் நாற்காலியிலிருந்து விழுந்தே விட்டான். "அம்மிணி, அவங்க ரெண்டு பேரும் ஒரே வீடுன்னா பாம்பும் கீரியும் ஒரே தொட்டில்ல தூங்குதுன்னு அர்த்தம்!"

"ரெண்டு பேரும் மாடு புடிக்கறவங்கதான, மாட்டுக் கிருமியா இருக்கும்" என்று இன்னொருவன் சமாதானம் சொன்னான்.

"இங்க எல்லாரும் மாடு பிடிக்கிறவங்கதான். மத்தவங்க தள்ளித்தானே நிக்கிறாங்க?" என்றார் டாக்டர். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பெட்டியைக் குறை சொன்னது பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி.

அப்போதுதான் வெள்ளியங்கிரி எழுந்தார். பெரிய மனுசர், எந்தச் சபையிலும் பதற்றப்படாதவர். "பொட்டி கெட்டுப்போச்சு அம்மிணி. இன்னொருக்கா வெய்யுங்க. ஆனா வலது கை வேண்டாம். இடது கையப் பாருங்க."

சிரிப்பு நின்றது. கரண்ட் போனால் மாவரைக்கிற மில் நிற்குமே, அப்படி நின்றது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன், இடது கையப் பாக்கறதுல என்ன?" என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வது கிடையாது. இரண்டு தரகர்கள் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைகளின் மேல் போட்டு மறைத்துக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். விரல் பேசுகிற விலை அந்த இருவருக்கு மட்டும் தெரியும். அதற்கு வலது கைதான். இடது கையால் விலை பேசுகிற தரகன் இன்னும் பிறக்கவில்லை. குற்றமற்றவன் "ரெண்டு கையையும் பாத்துக்கோ" என்பான். வலது கையை மட்டும் விட்டுவிடு என்று ஒரு தரகன் கேட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: அந்தக் கை துண்டுக்குள் இன்னொரு கையைப் பிடித்திருக்கிறது. அது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சொன்ன வெள்ளியங்கிரிக்கும் விளங்கிவிட்டது. அவர் தம் இடது கையையே வேறு யாருடைய கையோபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெய்யுங்க அம்மிணி" என்றான் அர்ச்சுனன். "ரெண்டு பேருக்கும், ரெண்டு கையும்."

யாரும் டீ குடிக்கவில்லை. திரையில் புள்ளிகள் வந்தன. வெள்ளியங்கிரியின் இடது கை அவர் மகன்களோடு போய் நின்றது. ஆறுக்குட்டியின் இடது கை அவர் மனைவியோடு போய் நின்றது. வலது கைகள் இரண்டும் நடுவில், முன்னைப் போலவே, ஒட்டிக்கொண்டு.

"இது வீட்டுப் பழக்கம் இல்ல" என்றார் டாக்டர் மெதுவாக. "வலது கை மட்டும்தான் பழகியிருக்கு. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் கையப் பிடிச்சிட்டு இருந்திருக்காங்க. அடிக்கடி."

"பழசுங்களா அம்மிணி? சண்டைக்கு முந்தி?" அர்ச்சுனன் குரல் கெஞ்சியது.

"பழசு கையில நிக்காதுப்பா. இது இந்த வாரத்துச் சமாச்சாரம்."

இந்த வாரம் என்றால் சந்தை பூட்டிக் கிடக்கிறது. தீவனம் இல்லாமல் சனங்கள் வீட்டு வாசலிலேயே மாடு விற்றுக்கொண்டிருந்த காலம். என் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து எழுந்தான். தன் கறவை மாட்டுக்கு வெள்ளியங்கிரி கேட்ட விலை பிடிக்காமல், பகையாளி என்றால் வீம்புக்காவது ஏற்றிக் கொடுப்பார் என்று ஆறுக்குட்டியிடம் ஓடியவன் அவன். அவர் இன்னும் குறைத்துக் கேட்டார். திரும்பி வந்து வெள்ளியங்கிரியிடமே, முதலில் கேட்ட விலைக்குக் கும்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

"ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து பேசுன வெலையா அது?" என்றான். அழுதுவிடுவான்போல இருந்தது. "வேற போக்கிடமில்லாம கும்பிட்டனே உன்னைய!"

வெள்ளியங்கிரி மறுக்கவில்லை. மறுக்க முடியாத இடத்தில் சரக்கை வேறு மாதிரி விற்பதுதான் தரகன் புத்தி. "எதுக்குக் கத்தறீங்க எல்லாரும்? எதிரெதிரா ரெண்டு கடை இருந்தாத்தான் சந்தைக்குச் சூடு. அவங்கிட்டக் கிடைக்காதது எங்கிட்டக் கிடைக்கும்னுதான மாட்ட ஓட்டியாந்தீங்க? நாங்க ஒண்ணா இருந்திருந்தா இந்தச் சந்தை என்னைக்கோ படுத்திருக்கும். நீங்களும் யாவாரிகதான. உங்களுக்குத் தெரியாதா?"

எங்களை அதிரவைத்தது அதுதான். அவர் சொன்னது எங்களுக்குப் புரிந்தது. மண்டபத்தில் பாதிப்பேர், என்னையும் சேர்த்து, உள்ளுக்குள் 'நல்ல யோசனைதான்' என்று ஒரு கணம் நினைத்தோம். நினைத்த மாத்திரத்தில் அர்ச்சுனன் எங்கள் நடுவே நடந்து போனான்.

"அப்ப எங்கண்ணு?" என்றான்.

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தார். "ஆசுபத்திரிச் செலவு பூரா நான்தானப்பா பாத்தேன்..."

"பாதி நான் குடுத்தேன் அர்ச்சுனா" என்றார் ஆறுக்குட்டி, வலப்பக்கத்திலிருந்து, ஆறுதலாக.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கண்ணைக் குத்தியவனின் முதலாளி, குத்துப்பட்டவனின் செலவில் பங்கு போட்டிருக்கிறார். கூட்டு வியாபாரத்தில் நட்டத்திலும் சரிபாதி. "நாங்க சண்டைன்னுதான்டா சொன்னோம். அடிச்சுக்கச் சொன்னோமா?" என்று முணுமுணுத்தார். இடப்பக்கத்து ஆட்களும் வலப்பக்கத்து ஆட்களும் எழுந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். எந்தப் பக்கம் போய் உட்காருவது என்று எவருக்கும் தெரியவில்லை.

டாக்டர் பெட்டியை மூடினார். "நான் கை கழுவச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் என்னிடம்.

கழுவினார்கள். அதிலொன்றும் குறையில்லை. மறுநாளிலிருந்து வேலம்பாளையத்தில் தண்ணீர்க் குழாய் முன்னால் வரிசை. டீ குடித்தால் கழுவினார்கள், கும்பிட்டால் கழுவினார்கள், மச்சான் கையைப் பிடித்தால் ஓடிப்போய்க் கழுவினார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் நானும் சோப்பு அடுக்கி வைத்தேன், விற்பனையில் கயிறு தோற்றது. மாநிலத்திலேயே கைகழுவுவதில் முதலிடம் என்று டாக்டரைத் துறை பாராட்டியது. சந்தையைத் திறந்தார்கள். நுரைக்காய்ச்சல் திரும்பி வரவில்லை.

"நோய்க்குப் பயந்துதானே கழுவுறாங்க?" என்று என்னிடம் கேட்டார் டாக்டர்.

"பொட்டிக்குப் பயந்துங்க."

"இந்த ஊருல இத்தனை பேருக்கு மறைக்க என்ன இருக்கு?"

"கழுவிட்டாங்களே அம்மிணி, இனி எப்படித் தெரியும்?"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஊருக்குப் பெட்டியை எடுத்துப் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

தரகர்கள் இருவரும் இப்போது நிஜமாகவே பகையாளிகள். இடது கையைக் கேட்டு மாட்டிவைத்தது நீ, பாதிச் செலவை உளறியது நீ என்று நடுச்சந்தையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். விலக்கிவிடக்கூட ஆள் போவதில்லை. நல்லா நடிக்கறாங்கப்பா என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

அர்ச்சுனன் ஒரு வாரம் வெளியே வரவில்லை. வந்தவன் நேராகத் தாயம்மாள் வீட்டுக்குப் போய், "கிளம்பு தாயி, சம்மதம் குடுத்துட்டு வந்தரலாம்" என்றான். கைதியின் முன்னிலையில்தான் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது விதி. என் சரக்கு வேனில் மூவருமாக மத்தியச் சிறைக்குப் போனோம். வழியெல்லாம் தாயம்மாள் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் செல்லமுத்து வந்து நின்றான். தலை நரைத்துப்போயிருந்தது. பக்கத்தில் குமாஸ்தா தாளோடு உட்கார்ந்திருந்தார். அர்ச்சுனன் நடந்ததையெல்லாம் சொன்னான்: பெட்டி, புள்ளி, வலது கை, பாதிச் செலவு.

"ரெண்டு பேருமா?" என்றான் செல்லமுத்து. "ஒட்டுக்காவா?" மறுபடியும், "எங்க மொதலாளியும் உங்க மொதலாளியுமா?"

இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டான்.

"உம்மேல தப்பில்ல செல்லமுத்தா" என்றான் அர்ச்சுனன். "உன்னையும் என்னையும் ஒண்ணா ஏமாத்திப்புட்டாங்க. அவங்க பகையின்னு சொன்னாங்க, நாம அடிச்சுக்கிட்டோம். நீ வெளிய வா." குமாஸ்தாவிடம் பேனாவுக்குக் கையை நீட்டினான்.

"பொறு" என்றான் செல்லமுத்து.

"நீங்க வாயத் தொறக்காதீங்க!" என்று தாயம்மாள் பதறினாள்.

"இல்ல புள்ள. அவன் வேறென்னமோ நெனச்சுக்கிட்டுப் போடறான்." வலையிலிருந்து கையை எடுத்தான். "அர்ச்சுனா, அன்னைக்கு எங்க மொதலாளி பின்னாடியே ஓடியாந்தாரு. வேண்டான்டா, விடுறா, குச்சியக் கீழ போடுறான்னு கத்துனாரு. கூட்டத்துல கேக்கலைன்னு கோர்ட்டுல சொன்னேன். கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. கேட்டும்தான் குத்துனேன்."

தாயம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமாஸ்தா நீட்டிய பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அர்ச்சுனன் தன் ஒற்றைக் கண்ணை வலைக்கு அருகே கொண்டுபோனான்.

"அன்னைக்கு என்ற வேட்டியப் புடிச்சு இழுத்தாரு வெள்ளியங்கிரி அண்ணன்" என்றான். "போவாத, போவாதன்னாரு. உதறீட்டுத்தான் வந்தேன்."

குமாஸ்தா பக்கம் திரும்பினான்.

"எங்கீங்க போடோணும்?"